வீட்டு அடுப்படியில் செய்து விற்பதற்கான விதிகள்: மதுரைக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இட்லிப் பொடி, முறுக்கு, அரைத்த மாவு, ஊறுகாய் என்று வீட்டிலிருந்து விற்கத் தொடங்குபவர்களில் பலரும் கடைசிப் படியை முதலில் செய்துவிடுகிறார்கள். பெயர் வைத்து, ஸ்டிக்கர் அடித்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு, ஆர்டரும் வாங்கிவிடுவார்கள். பதிவு எண் ஸ்டிக்கரில் இருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரியவரும். அடித்து வைத்த ஸ்டிக்கர் அத்தனையும் வீண்.

கீழே உள்ள படிகளின் வரிசைக்குக் காரணம் உண்டு. பொருள் தெரிந்தால்தான் பதிவின் வகை தெரியும். பதிவு எண் வந்தால்தான் லேபிள் முடியும். லேபிள் முடிந்தால்தான் கடையில் வைக்க முடியும்.

1. எதை விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டில் நன்றாக வரும் எல்லாவற்றையும் பட்டியல் போடாதீர்கள். ஒரே தன்மையுள்ள இரண்டு, மூன்று பொருள்களோடு தொடங்குங்கள். கெட்டுப்போகும் விதத்தை வைத்துப் பார்த்தால் வீட்டுத் தயாரிப்புகள் மூன்று வகை.

உலர்ந்தவை: பொடி, வத்தல், வடகம், அப்பளம், முறுக்கு, சீடை. இவற்றில் ஈரம்தான் எதிரி. புதியவர்களுக்கு இதுவே பாதுகாப்பான தொடக்கம்.

எண்ணெயிலும் புளிப்பிலும் நிற்பவை: ஊறுகாய், தொக்கு, புளிக்காய்ச்சல். எண்ணெய் மேலே நின்றால் கெடாது என்று நம்பி இறங்கக் கூடாது. எண்ணெய் காற்றைத் தடுக்கும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும் கிருமியை அது தடுக்காது. அந்தக் கிருமியை அடக்குவது புளிப்பு. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருக்க வேண்டும், 4.2க்குக் கீழே வைத்தால் நிம்மதி. பூண்டுத் தொக்கு செய்பவர்கள் ஒரு பி.எச். மீட்டர் வாங்கி ஒவ்வொரு தொகுதியையும், அதாவது ஒரே தடவையில் செய்ததை, அளந்தே ஆக வேண்டும். பூண்டில் புளிப்பு கிடையாது. அந்தக் கிருமியின் வித்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும், சாதாரணக் கொதியில் சாகாது.

ஈரமானவை: இட்லி மாவு, மதியச் சாப்பாடு, கலந்த சாதம், கறிக்குழம்பு. லாபம் வேகமாக வரும், ஆபத்தும் அதே வேகத்தில் வரும். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியையும் தாங்கும். சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்து நஞ்சு விடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. காலை ஏழு மணிக்கு வடித்த சோற்றைக் கட்டி மதியம் ஒன்றரைக்குக் கொடுப்பது மதுரை வெயிலில் சரிப்படாது. சூடாகக் கொடுக்கும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நிற்க வேண்டும், குளிரவைத்துக் கொடுப்பது 5 டிகிரிக்குக் கீழே. இடைப்பட்ட சூட்டில் எவ்வளவு குறைவான நேரம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

2. பதிவா, உரிமமா?

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுச் சமையலுக்கென்று தனி விலக்கு கிடையாது. காசு வாங்கிக்கொண்டு விற்றால், பத்து வீட்டுக்கு மட்டும் கொடுத்தாலும், அது உணவுத் தொழில்தான்.

சிறு அளவில் செய்பவர்களுக்குப் பதிவு போதும். 2011ஆம் ஆண்டு விதிகளில் பதிவுக்கான வரம்பு ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் என்றும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் வைக்கப்பட்டது. அதைத் தாண்டினால் மாநில உரிமம். வரம்பையும் கட்டணத்தையும் அரசு அவ்வப்போது திருத்தும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பதிவுக்கான அரசு இணையத் தளமான போஸ்கோஸ் காட்டும் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் சொல்லும் தொகை அரசுக் கட்டணம் அல்ல.

இங்கே ஒரு தப்புக் கணக்கு அடிக்கடி நடக்கிறது. வரம்பு எதுவானாலும் அது லாபம் அல்ல, மொத்த விற்பனை. 12 லட்சம் என்ற வரம்பை மாதம் ஒரு லட்சத்துக்கு விற்றாலே தொட்டுவிடலாம்.

3. விண்ணப்பத்துக்கு முன் அடுப்படியைச் சரிசெய்யுங்கள்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வீட்டைப் பார்க்க வரலாம். வரவில்லை என்றாலும், விண்ணப்பத்தில் சுகாதார நிபந்தனைகளைப் பின்பற்றுவதாக நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள். அதனால் இந்த வேலை முன்னாலேயே முடிய வேண்டும்.

தண்ணீர்: ஆழ்குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ பயன்படுத்தினால் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் செய்யலாம். மதுரையின் பல பகுதிகளில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. மாவு அரைத்தால் ருசியே மாறிவிடும்.

எரிவாயு: 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை விற்பனைச் சமையலுக்குப் பயன்படுத்த விதி இடம் தரவில்லை. வணிகப் பயன்பாட்டுக்கு 19 கிலோ சிலிண்டர் எடுக்க வேண்டும். விலை போடும்போது இந்தச் செலவை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து லாபம் எங்கே என்று தேடுபவர்கள் நிறைய.

மின் இணைப்பு: வீட்டு இணைப்பில் பெரிய கிரைண்டரும் ஃப்ரீசரும் ஓட்டப் போகிறீர்கள் என்றால், எந்தக் கட்டணப் பிரிவு பொருந்தும் என்று உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

பாத்திரமும் நேரமும்: வீட்டுச் சமையலும் விற்பனைச் சமையலும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது. மீன் கழுவிய தொட்டியிலேயே பொடிக்கு உளுந்து கழுவுவது வீட்டுக்குப் பழக்கமாக இருக்கலாம், விற்பனைக்கு ஆகாது. தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனித் துணி. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கையில் சீழ்ப்புண் இருப்பவர் அன்று அடுப்படிக்குள் வரக் கூடாது.

எண்ணெய்: பலகாரம் சுடும் எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகுபவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்கும் கருவி இருக்காது. நுரை அடங்காமல் நிற்பது, கறுப்பது, பிசுபிசுப்பது, சீக்கிரமே புகைவது ஆகியவைதான் அடையாளம். பழைய எண்ணெயோடு புதிய எண்ணெயைக் கலந்து ஓட்டினால் புதியதும் கெடும். முறுக்கு இரண்டாம் வாரத்திலேயே காறல் அடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மில்: வெளி மில்லில் அரைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உங்களுக்கு முன் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அது உங்கள் பொடியில் கலக்கும். காலையில் முதல் ஆளாகப் போங்கள். போனதும் இரண்டு கைப்பிடி பச்சரிசியை ஓட்டி அந்த மாவை ஒதுக்கிவிட்டு அரையுங்கள். அரைத்து வந்த பொடியைப் பரப்பி வலுவான காந்தத்தால் ஒருமுறை தடவுங்கள், இரும்புத் துகள் இருந்தால் ஒட்டும். அரைத்த சூட்டோடு பையில் கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். அதிலிருந்துதான் பூஞ்சை தொடங்குகிறது.

4. பதிவுக்கு விண்ணப்பிப்பது

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: புகைப்படம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, வீட்டு முகவரிக்குச் சான்றாக மின் கட்டண ரசீது அல்லது சொத்து வரி ரசீது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தமும், வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதமும். கடிதம் இல்லாமல் தொடங்கிவிட்டு, மிளகாய் வறுத்த நெடிக்குப் பக்கத்து வீட்டார் புகார் சொன்னதும் வீட்டையே காலி செய்ய நேர்ந்தால், பதிவும் அந்த முகவரியோடு போய்விடும். பதிவு ஆளுக்கு மட்டுமானதல்ல, சமைக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான். அம்மா வீட்டில் ஒரு பகுதி, உங்கள் வீட்டில் ஒரு பகுதி என்று செய்தால் இரண்டு இடத்துக்கும் பதிவு வேண்டும்.

விண்ணப்பம் போஸ்கோஸ் என்ற அரசுத் தளத்தில் படிவம் அ வழியாக. உங்கள் சொந்தக் கைபேசி எண்ணிலும் மின்னஞ்சலிலும் கணக்கைத் திறங்கள். இ-சேவை மையத்தில் செய்தாலும் எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஏஜென்ட்டின் எண்ணில் திறந்தால் அலுவலர் கேட்கும் விளக்கம் அவருக்குப் போகும். கெடுவுக்குள் பதில் போகாமல் விண்ணப்பம் தள்ளுபடியாகும். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்களும் உண்டு. முகவரி அரசுக்குரிய ‘ஜிஓவி.இன்’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

அதிகம் தடுமாறும் இடம் தொழில் வகை. சமைத்த சாப்பாடு கொடுப்பவர்கள் உணவுச் சேவையின் கீழ் வரும் வீட்டுக் கேன்டீன் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொடி, ஊறுகாய், பலகாரம் செய்து பொட்டலம் போடுபவர்கள் தயாரிப்பாளர். பிறர் செய்ததை வாங்கி விற்பவர் சில்லறை விற்பனையாளர். ‘வீடு’ என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் வீட்டுக் கேன்டீனைச் சொடுக்கிவிடுகிறார்கள். பிறகு இட்லிப் பொடியைச் சூப்பர் மார்க்கெட்டில் வைக்கப் போனால், தயாரிப்புக்கான பதிவு இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

2011 விதிகளின்படி, விண்ணப்பம் கிடைத்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணத்தை எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிக்க வேண்டும். ஆய்வு என்றால் முடிவுக்கு 30 நாள். இந்தக் கெடுவைச் சொல்லித் தயங்காமல் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்தில் கேட்கலாம்.

கிடைக்கும் எண் 14 இலக்கம். பதிவு என்றால் 2 என்ற எண்ணில் தொடங்கும், உரிமம் என்றால் 1.

5. தொகுதிக் குறிப்பேடும் கெடு தேதியும்

இட்லிப் பொடிக்கு மூன்று மாதம், முறுக்குக்கு ஒரு மாதம் என்று அரசு அட்டவணை எதுவும் கொடுக்கவில்லை. கெடு நாளை நீங்கள்தான் வைக்கிறீர்கள், அதற்கு நீங்களே பொறுப்பு. பக்கத்துக் கடைப் பாக்கெட்டைப் பார்த்து எழுதுவது ஆபத்தான வழி. அவர்களுடைய கவரும் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்பும் இயந்திரமும் உங்களிடம் இல்லை.

சரியான முறை இது. விற்கப்போகும் அதே கவரில் ஒரே தொகுதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பொட்டலம் போட்டு, சமையலறை அலமாரியில் சாதாரண வெப்பத்திலேயே வையுங்கள். வாரம் ஒன்றைப் பிரித்து மணம், நிறம், மொறுமொறுப்பு, கட்டி, பூச்சி பார்த்து எழுதுங்கள். ருசி குறையத் தொடங்கும் வாரத்தைக் கண்டுபிடித்து, அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கெடு நாளாக வையுங்கள். சித்திரை வெயிலில் ஒருமுறை, ஐப்பசி மழையில் ஒருமுறை செய்து பார்த்தால்தான் முழு விவரம் தெரியும். ஐப்பசியில் போட்ட அப்பளமும் வத்தலும் வேறு விதமாக நடந்துகொள்ளும்.

தேங்காய் சேர்த்த பொடி, வறுத்த நிலக்கடலை சேர்த்த பொடி இரண்டும் சீக்கிரம் காறும். நிலக்கடலையில் சுருங்கியதும் நிறம் மாறியதும் பூஞ்சை பிடித்ததும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிய வேண்டும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கீழமாசி வீதியில் மூட்டையாக வாங்கினால் விலை குறைவுதான். ஆனால் பொறுக்கியபின் மிஞ்சும் எடைக்கே விலை கணக்குப் போடுங்கள்.

மாவு விற்பவர்கள் அரைத்த நாளோடு நேரத்தையும் எழுதுங்கள். பொட்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டுக் கட்டுங்கள். புளிக்கும்போது உண்டாகும் வாயு கவரை ஊதவைக்கும். கடைக்காரர் மாவைக் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால் மாலைக்குள் கவர் பிதுங்கும். பெட்டியில் இடம் தராத கடைக்கு மாவு போடாதீர்கள்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு எண் கொடுங்கள். குறிப்பேட்டில் அந்த எண், தேதி, எந்தக் கடையில் வாங்கிய சாமான், எத்தனை பொட்டலம், யாருக்குப் போனது என்று ஒரு வரி போதும். தொகுதிக்கு ஒரு பொட்டலத்தைக் கெடு நாள் முடியும்வரை விற்காமல் எடுத்து வையுங்கள். புகார் வந்தால், கோளாறு உங்கள் தயாரிப்பிலா அல்லது கடையில் வைத்த விதத்திலா என்று பிரித்தறிய அந்த ஒரு பொட்டலம்தான் உதவும்.

6. லேபிள்

லேபிளைத் தமிழில் மட்டும் அச்சடிப்பதுதான் இங்கே அதிகம் பார்க்கும் தவறு. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும் என்கிறது விதி. தமிழைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த லேபிள்தான் நம் ஊருக்குச் சரி.

இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானப் பட்டியல், சைவ அல்லது அசைவக் குறி, நிகர எடை, தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், தொகுதி எண், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னமும் 14 இலக்க எண்ணும், ஒவ்வாமை எச்சரிக்கை, வைத்துக்கொள்ளும் முறை, நுகர்வோர் தொடர்பு எண், அதிகபட்ச விலை. வீட்டு முகவரியைப் போடத் தயங்கிக் கைபேசி எண்ணோடு நிறுத்துபவர்கள் உண்டு. முகவரி இல்லாத பொட்டலம் தவறான லேபிள் கணக்கில் சேரும். அதற்கு அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

சேர்மானப் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுக்கு வரிசையாக எழுத வேண்டும். ‘மசாலாப் பொருட்கள் மற்றும் அன்பு’ என்று எழுதுவது செல்லாது.

சைவக் குறி பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவக் குறி பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முட்டை சேர்த்த கேக் அசைவம், பாலும் நெய்யும் சேர்ந்தது சைவம்.

ஒவ்வாமை எச்சரிக்கையில் பெருங்காயத்தை மறக்காதீர்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அப்படி இருந்தால் உங்கள் இட்லிப் பொடியிலும் கோதுமை உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். நிலக்கடலை, முந்திரி, பால், சோயா, மீன், இறால், முட்டை ஆகியவையும் சொல்ல வேண்டியவை.

ஊட்டச்சத்து அட்டவணை மசாலாத் தூள் போன்ற சிலவற்றுக்குத் தேவையில்லை. முறுக்குக்கும் இட்லிப் பொடிக்கும் அதே விலக்கு உண்டு என்று நீங்களாக எடுத்துக்கொள்ளாமல், உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டபின் அச்சுக்குக் கொடுங்கள்.

நோயைத் தீர்க்கும் என்று எழுதவே எழுதாதீர்கள். முருங்கைக்கீரைப் பொடி சர்க்கரையைக் குறைக்கும், கொள்ளுப் பொடி எடையைக் கரைக்கும் என்ற வரிகள் லேபிளில் மட்டுமல்ல, வாட்ஸ்அப் நிலையில் போட்டாலும் விளம்பரம்தான். தவறான விளம்பரத்துக்கான அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை.

மசாலாத் தூளில் செயற்கை நிறம் சேர்க்க அனுமதி இல்லை. மிளகாய்த் தூள் வெளிறிப்போவது இயல்பு, அதை மறைக்க வேண்டாம்.

7. எடையும் விலையும்

இணையத்தில் வாங்கிய சமையலறைத் தராசு வீட்டுக்குச் சரி, விற்பனைக்குச் செல்லாது. முத்திரை இட்ட மின்னணுத் தராசு வாங்கி, ஆண்டுதோறும் முத்திரையைப் புதுப்பியுங்கள். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. பொட்டலம் போட்டு விற்பவர்கள் தொடங்கிய 90 நாளுக்குள் சட்டமுறை எடையளவுப் பிரிவிலும் பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும். உணவுப் பதிவு வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைத்தான் விடுகிறார்கள்.

நிகர எடையில் கவரும் பாட்டிலும் சேராது. அதிகபட்ச விலையை ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்று போடுங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு என்ன விலை என்பதும் வேண்டும். 250 கிராம் 120 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.48 ரூபாய்.

8. கட்டும் பொருள்

செய்தித்தாளில் வடையோ அதிரசமோ கட்டிக் கொடுக்காதீர்கள். அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து உணவில் இறங்கும், விதிப்படியும் கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், கப், தட்டு முதலியவற்றுக்குத் தடை. சாப்பாட்டுக்கு வாழை இலை, பாக்குமட்டை, எவர்சில்வர் டிபன் நல்லது. ஊறுகாய்க்குக் கண்ணாடி பாட்டில். கொதிநீரில் போட்டு எடுத்தபின் ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து நிரப்புங்கள்.

9. விற்பனை, ரசீது, வரி

ரசீதிலும் 14 இலக்க எண் இருக்க வேண்டும், 2022 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். கையால் எழுதும் ரசீதுப் புத்தகத்துக்கு ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்தால் போதும்.

தமிழ்நாட்டுக்குள் பொருளாக விற்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், சமைத்துப் பரிமாறும் சேவைக்கு 20 லட்சம். ஆனால் வரிக்குரிய பொருளைப் பெங்களூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ கூரியரில் விற்றால் வரம்புக் கணக்கே கிடையாது, முதல் பொட்டலத்துக்கே பதிவு வேண்டும். வெளியூர் உறவினர் வழியாக ஆர்டர் பெருகும்போது இதில்தான் சிக்குகிறார்கள்.

10. அலுவலர் மாதிரி எடுக்க வந்தால்

பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மாதிரிக்கு அவர் வழக்கமான விற்பனை விலையைத் தர வேண்டும். அதை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கும் அனுப்பும்படி அப்போதே எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை. மாதிரியைச் சோதிக்கும் பகுப்பாய்வாளரின் அறிக்கையை ஏற்காவிட்டால் அது கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

குறை இருந்தால் பெரும்பாலும் முதலில் வருவது திருத்த அறிவிப்புதான். அதில் சொன்னதைக் கெடுவுக்குள் செய்து, படம் எடுத்து, எழுத்தில் பதில் கொடுத்து, அந்தப் பதிலின் நகலில் தேதியோடு பெறுகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.